தொண்ணூறு மீட்டர்

நடவுக் கயிற்றை நனைக்காமல் கையில் எடுக்கும் பழக்கம் தனக்கொடிக்குக் கிடையாது.

வரிசை நடவு நட்டவர்களுக்கு அதன் காரணம் தெரியும். காய்ந்த சணல் கயிறு காற்றடித்தால் வயிறு உப்பி வளையும். தண்ணீரில் முக்கி எடுத்தால் கனம் பிடித்துச் சேற்றோடு படிந்து கிடக்கும். ஆளுக்கொரு வரப்பில் இரண்டு பேர் நின்று முனைகளை இழுத்துப் பிடிக்க, கயிற்றில் கட்டிய சிவப்புத் துணி முடிச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்து நாற்று வைத்துக்கொண்டு போவார்கள். வரிசை முடிந்ததும் "தூக்கு" என்று ஒரு குரல் எழும். கயிறு பின்னால் நகரும். இருபது வருடமாக அந்தக் குரல் தனக்கொடியுடையது.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை கழனிமேட்டு மந்தைவெளியில் பந்து மைதானத்துக்குக் கோடு போடப் போனபோதும், யாரும் சொல்லாமலே கயிற்றைத் தூக்கி வாளித் தண்ணீரில் போட்டாள். அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் அவள் மகள் மஞ்சுளா பள்ளிக்கூடத்து டேப்பை வைத்து அந்தக் கயிற்றைச் சரியாக முப்பது மீட்டருக்கு வெட்டியிருந்தாள். மூன்று கயிறு நீளம் தொண்ணூறு மீட்டர். மகளிர் லீக் கேட்கும் குறைந்தபட்ச அளவு அதுதான். ஈரக் கயிற்றை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறை நீட்டிப் போட்டு, அதன்மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவி, கயிற்றை உருவியபோது கோடு ஊசி போட்டதுபோல நேராக விழுந்தது. வடக்கே ஏரி வாய்க்கால், தெற்கே நிலக்காரர் சாமிநாதனின் கரும்புக் கொல்லை வரப்பு. இரண்டுக்கும் நடுவில் தொண்ணூறு மீட்டர் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதில் பதினாலு பெண்களுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லீக்கிலிருந்து அளக்க வந்த பாக்யராஜ், மஞ்சள் டேப்பின் வட்டைத் தரையில் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"எண்பத்தஞ்சரைமா."

"இன்னா சார்?" என்றாள் ஜோஸ்பின். அவள் தனக்கொடிக்குப் பின்வீடு, கம்பெனி கேன்டீனில் சோறு வடிக்கிறவள், அவர்கள் கால்பந்துக் கழகத்தின் தடுப்பாட்டக்காரி. "நல்லா இழுத்துப் புடிங்க சார். டேப்பு சுருங்கியிருக்கும்."

"டேப்பு சுருங்காதும்மா. இது பிளாஸ்டிக்கு நாரு."

"அப்ப எங்க கிரவுண்டு சுருங்கிச்சா?"

மஞ்சுளாதான் முதலில் புரிந்துகொண்டாள். வாளியில் ஊறிக்கொண்டிருந்த கயிற்றை எடுத்து உதறி, டேப்புக்குப் பக்கத்தில் நீட்டினாள். இருபத்தெட்டரை.

சணலின் குணம் அது. தண்ணீர் குடித்தால் இழை பருக்கும். பருத்த இழையைச் சுற்றிவர முறுக்குக்குக் கூடுதல் நீளம் தேவைப்படும். அந்த நீளத்தைக் கயிறு வேறு எங்கிருந்து எடுக்கும்? தன் முனைகளிலிருந்துதான். ஒரு கயிற்றுக்கு ஒன்றரை மீட்டர். மூன்று கயிற்றுக்கு நாலரை.

"இருபது வருசமா இந்தக் கயித்துலதான நட்டுக்குனு இருக்கோம்," என்றாள் ஜோஸ்பின். "ஒரு நெல்லாவது நீளம் பத்தலன்னு சொல்லியிருக்குமா?"

நெல்லுக்கு அது தெரியாது. கயிறு சுருங்கினால் முடிச்சுகளும் சேர்ந்து நெருங்கும். ஒரு வரிசைக்கு இன்னொரு வரிசை பொய் சொல்லாது. பந்துக்குத்தான் மீட்டர் கணக்கு.

பாக்யராஜ் பெரிய போட்டிகளில் கோட்டோரம் கொடி பிடித்து ஓடி ரிட்டயரானவர். குரலை உயர்த்தத் தெரியாது, கணக்கை விட்டுக்கொடுக்கவும் தெரியாது. "அகலம் சரியா இருக்குது. கம்பம் சரியா இருக்குது. நீளந்தான். சொந்த கிரவுண்டு இல்லாம ரெண்டு வருசம் அரியாங்குப்பத்துல இரவல் வாங்கி ஆடிட்டீங்க. மூணாவது வருசம் ரூல் எடம் குடுக்காது. பேரை எடுத்துருவாங்க."

"கடைசி நாள் எது சார்?" என்றாள் தனக்கொடி.

"இன்னைக்குத்தாம்மா. ஒதியம்பட்டுல இன்னொரு கிரவுண்டு அளக்கணும். நாலு மணிக்குத் திரும்ப இந்த வழிதான் வருவேன்." ஸ்கூட்டரில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். "நாலரை மீட்டரு எங்கனா கெடைக்குதா பாருங்க."

கழகத்துக்கு வயது பதினாலு. அது பிறந்த விதத்தைக் கேட்டால் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். தனக்கொடி சொல்வதுதான் நடந்தது, ஏனென்றால் ஸ்பூன் அவள் வாயில் இருந்தது.

அது காணும் பொங்கல். மந்தைவெளியில் ஆண்களுக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். அதற்கு முன்னால் பெண்களுக்கு எலுமிச்சம்பழ ஸ்பூன் ஓட்டம். பரிசு கொடுக்க சாமிநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் அணி ஒன்று வரவேயில்லை. சாராயக் கடையிலிருந்து கிளப்ப முடியவில்லை என்று சேதி வந்தது. பந்து நடு மைதானத்தில் சும்மா கிடந்தது. ஒரு வயதுகூட ஆகாத மஞ்சுளாவை இடுப்பில் வைத்திருந்த தனக்கொடி, பிள்ளையைப் புருஷன் நடேசனிடம் கொடுத்தாள். ஸ்பூனைத் துப்பினாள். புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு, ஓடிப் போய் ஓர் உதை விட்டாள். சேற்றில் நாள் முழுக்கப் பின்னால் நடந்து பழகிய கால் அது. நடவில் யாரும் முன்னால் நடப்பதில்லை. பந்து சாமிநாதனின் நாற்காலிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனது. பின்னாலேயே இருபது பெண்கள் ஓடினார்கள்.

"பொம்பளைங்க ஆடுற ஆட்டமா இது?" என்றார் அன்றைக்குச் சாமிநாதன்.

"ஆம்பளைங்க ஆடலியே ஐயா. பந்து சும்மா கெடக்குதே," என்றாள் ஜோஸ்பின்.

அவ்வளவுதான் தொடக்கம். பிறகு சவுக்குக் கழியில் கோல் கம்பம் வந்தது. பூரணாங்குப்பத்தில் கிழிந்துபோன மீன் வலை கேட்டு வாங்கி, கண்ணி கண்ணியாக முடிந்து கட்டினார்கள். தனக்கொடிக்கு ஓட மூச்சு போதாது; ஆனால் வீசும் நாற்றுக்கட்டைக் கைக்கு வந்தபடி பிடித்துப் பழகியவள். அதனால் கோல் கீப்பர். நாற்பத்து மூன்று வயதில் இப்போதும் அவள்தான் கீப்பர். பதினாலு பேரில் ஆறு பேர் அவள் மகள் வயதுக்காரிகள். மகள்தான் முன்வரிசை ஆட்டக்காரி.

பாக்யராஜின் ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்தது. வடக்கே வாய்க்காலை நகர்த்த முடியாது. தனக்கொடி தெற்குக் கோல் கம்பத்தைத் தாண்டிப் போய் வரப்பின்மேல் ஏறி நின்றாள். கரும்பு வெட்டி லாரி போய்ப் பத்து நாளாகியிருந்தது. கரும்புச் சோகை எரித்த சாம்பலுக்கு நடுவில் கட்டைகள் கறுத்து நின்றன. அவள் வரப்பைப் பார்த்தாள். தான் கட்டிய வரப்பு என்பதால் அவளுக்கு அதன் ஒவ்வோர் அடியும் தெரியும்.

வரப்பு கழிப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. வருடம் ஒருமுறை வரப்போரத்துப் புல்லை மண்ணோடு சேர்த்துச் செதுக்கி, அந்த மண்ணைக் குழைத்து வரப்பிலேயே அணைத்துப் பூச வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகச் செதுக்கி மேலே அணைத்தால் வரப்பு இருந்த இடத்தில் இருக்கும். கொல்லைப் பக்கம் மட்டும் செதுக்கி, அந்த மண்ணை வெளிப்பக்கம் அணைத்தால்? வரப்பின் அகலம் மாறாது. பார்க்கிறவனுக்கு அதே வரப்புதான். ஆனால் அது ஒரு சாண் நகர்ந்திருக்கும்.

"உள்ள சொரண்டி வெளில அணைடி" என்பார் சாமிநாதன், ஒவ்வொரு வருடமும், அதே வரப்பில் நின்றுகொண்டு. தனக்கொடி கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அணைத்துக்கொண்டிருக்கிறாள். மந்தைவெளி அப்போது ஆடு மேயும் இடம். ஒரு சாண்தானே என்று தோன்றியது. இருபது வருடம், இருபது சாண்.

அவள் வரப்பிலிருந்து இறங்கிக் கையை விரித்து, கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவே மகளின் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். இருபத்து மூன்று சென்டிமீட்டர்.

"மஞ்சு, இருவத்து மூணு இருவது தடவ எவ்ளோடி?"

"நானூத்தி அறுவது. நாலு மீட்டரு அறுவது சென்டி. ஏம்மா?"

தனக்கொடி அதற்குள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

நடேசன் சாப்பிட வந்திருந்தான். பழைய சோறு, மேலே சுண்ட வைத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. இடுப்பு அரைஞாண் கயிற்றில் சாமிநாதனின் மோட்டார் கொட்டகைச் சாவி தொங்கியது. பதினோரு வருடமாக அவன்தான் அங்கே தண்ணீர் பாய்ச்சுகிறவன். தனக்கொடி வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கயிறு சுருங்கியதையும் வரப்பு நகர்ந்ததையும்.

"அதுக்கு இன்னா பண்ணப் போற?"

"வரப்ப எடுத்த எடத்துல வெக்கப் போறேன்."

அவன் கை சோற்றில் நின்றது. "பைத்தியமா புடிச்சிருக்குது? அந்த சாரு நாலு மணிக்கு வந்து அஞ்சு மணிக்குப் பூடுவாரு. நாம இங்கதான இருக்கணும். நாளைக்கு உன் கொத்துப் பொம்பளைங்களுக்கு எவன் நடவு குடுப்பான்? மிஷினு எறக்கிருவாரு. என்னை இந்தச் சாவியோட வூட்டுக்கு அனுப்புவாரா, சாவிய வாங்கிக்கினு அனுப்புவாரா?"

"வாங்கிக்கினுதான்."

"தெரியுதுல்ல?"

"தெரியுது. இன்னொண்ணும் தெரியுது." அவள் உள்ளே வந்து அவன் எதிரில் குந்தினாள். "அந்த வரப்ப அவரு தள்ளலய்யா. அவரு கை மண்ணுல பட்டதே இல்ல. நான் தள்ளினேன். என் மம்மட்டி. ஊரு எடத்தை சாண் சாணா அள்ளிப் போட்டது நானு. இப்ப என் பொண்ணு ஓடறதுக்கு நாலரை மீட்டரு இல்ல."

"கொம்யூன் பஞ்சாயத்துல மனு குடு. சர்வேயரு வந்து…"

"போன தடவ குடிதண்ணிக் கொழாயிக்கு மனு குடுத்தோமே, எத்தினி வருசம் ஆச்சி? எனக்கு நாலு மணி வரிக்குந்தான் டைமு."

நடேசன் சோற்றைப் பிசைந்தான். சாப்பிடவில்லை. "எல்லக் கல்லு எங்கன்னு தெரியுமா? கல்லு இல்லாம வரப்ப வெட்டினா, வெட்டினவதான் திருடி."

"தெரியும். நான் அருவாளு தீட்டின கல்லு அது. மொத வருசமே மண்ணு போட்டு மூடினேன். ஒத்தப் பனைக்கு நேரா உள்ள." எழுந்து மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியையும் கடப்பாரையையும் எடுத்தாள். "சோறு துன்னுட்டுப் போ. வெறும் வயித்தோட போவாத."

பதினோரு மணிக்கு ஒற்றைப் பனைக்கு நேராகக் கொல்லைக்குள் கடப்பாரையைக் குத்திப் பார்த்தாள். மண். நகர்ந்து குத்தினாள். மண். மூன்றாவது குத்தில் ணங்கென்றது. ஜோஸ்பின் முட்டி போட்டுக் கையாலேயே பறித்தாள். முழங்கை ஆழத்தில் கருங்கல்லின் தலை தெரிந்தது. மேலே உளியால் செதுக்கிய அம்புக்குறி. ஓரத்தில், அரிவாள் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பான ஒரு பள்ளம்.

"உன் கையெழுத்தே போட்டு வெச்சிக்கிறியேடி," என்றாள் ஜோஸ்பின்.

மஞ்சுளா பள்ளிக்கூடத்து டேப்பை இழுத்தாள். கோல் கோட்டிலிருந்து வரப்புக்கு ஒரு மீட்டர் இடம். வரப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து கல்லுக்கு நாலு மீட்டர் அறுபத்திரண்டு.

"ரெண்டு சென்டி கூட இருக்குதும்மா."

"என் கை ஒரு வருசம் பெரிசா இருந்திருக்கும். வெட்டுங்கடி."

ஆனால் மாசி மாத வரப்பை வெட்டுவது சொல்லும் அளவுக்கு எளிதில்லை. களிமண் காய்ந்தால் செங்கல்லுக்கு ஒரு படி கீழே. மண்வெட்டி பட்டுத் துள்ளியது. கையில் அதிர்ச்சி ஏறியது. கரும்புக் கட்டையின் வேரோ மண்ணைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஐம்பது மீட்டர் வரப்பில் ஒரு மணி நேரத்தில் ஆறு மீட்டர்கூடப் போகவில்லை. ஸ்டட் வைத்த பூட்ஸோடு ஆறு சிறு பெண்கள் கட்டைகளை உதைத்துப் பார்த்துக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜோஸ்பின் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கொப்புளம் உடைந்திருந்தது.

"இப்பிடிப் போனா அடுத்த வருச லீக்குக்குத்தான் முடியும்."

தனக்கொடி நிமிரவில்லை. வெட்டிக்கொண்டேயிருந்தாள்.

அப்போதுதான் மோட்டார் சத்தம் கேட்டது. எல்லோரும் கொட்டகைப் பக்கம் திரும்பினார்கள். இந்த நேரத்தில், வெட்டிப் போட்ட கொல்லைக்கு, தண்ணீர் பாய்ச்ச வேண்டிய தேவையே இல்லை. கால்வாயின் சாம்பலையும் சருகையும் முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. அதற்குப் பின்னால் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடேசன் நடந்து வந்தான். தண்ணீர் பாய்ச்சுகிறவன் தண்ணீருக்கு முன்னால் நடக்க மாட்டான். அது போகிற வழியைப் பார்த்துக்கொண்டு பின்னால் வருவான். வரப்போரம் வந்ததும் ஒரு மடையை வெட்டினான், பத்து அடி தள்ளி இன்னொன்று. தண்ணீர் வரப்பின் காலில் தேங்கி உள்ளே இறங்கியது.

"அர மணி ஊறட்டும்," என்றான், யார் முகத்தையும் பார்க்காமல். "ஊறாத மண்ண வெட்டுறது ஒடம்புக்குக் கேடு. இதுகூட ஒரு வேலைக்காரிக்குத் தெரியாதா?"

"துன்னியா?" என்றாள் தனக்கொடி.

"துன்னேன்."

அரை மணிக்குப் பிறகு வரப்பு வெல்லம் போல விட்டுக்கொடுத்தது. நடவுக் கொத்து எப்படி வேலை செய்யுமோ அப்படியே செய்தார்கள்: ஒரு வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் அள்ளி. தனக்கொடி "தூக்கு" என்று சொல்லச் சொல்ல, வரிசை பின்னால் நகர்ந்தது. கட்டைகளைப் பிடுங்கிக் கொல்லைக்குள் ஓரமாக அடுக்கினார்கள், ஒன்றைக்கூட மிதிக்கவில்லை. கல்லின் நேர்கோட்டில் புது வரப்பு அணைத்தார்கள். பழைய வரப்பைவிட நன்றாகவே பூசினார்கள். ஈரத்தின்மேல் எரிந்த சோகைச் சாம்பலை அள்ளித் தூவி மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். கயிற்றை மட்டும் மஞ்சுளா காலையிலேயே வேப்பங்கிளையில் வெயிலில் போட்டுவிட்டாள். காய்ந்த கயிறு மறுபடி முப்பதாகியிருந்தது. காற்றில் அது வளையாமலிருக்க, எட்டடிக்கு ஒருத்தி அதன்மேல் காலை வைத்து நின்றாள்.

கோல் கம்பத்துக்குக் கடைசிக் குழியை மூடிக்கொண்டிருந்தபோது சாமிநாதனின் மொபெட் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. புது வரப்பைக் கோடியிலிருந்து கோடி வரை பார்த்தார். அப்புறம் ஸ்டாண்டு போட்டுவிட்டு, புது மண்ணில் செருப்பு புதைய நடந்து வந்து, கோலுக்கு முன்னால் நின்றார்.

"இன்னாடி இது?"

"வரப்பு கழிச்சேன் ஐயா. வருசா வருசம் கழிக்கிறதுதான? இந்தத் தடவ வெளில சொரண்டி உள்ள அணைச்சேன்."

"யாரைக் கேட்டு?"

"கல்லைக் கேட்டு."

சாமிநாதன் கல்லைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை என்பதைத் தனக்கொடி கவனித்தாள்.

"எங்கப்பன் காலத்துலேர்ந்து ஆண்ட மண்ணு இது. ஸ்பூனைக் கவ்விக்கினு ஓடின பொம்பளைங்களுக்கு இன்னா கொழுப்பு பாரு. மோட்டார் போட்டவன் எவன்டா?"

நடேசன் முன்னால் வந்தான். அரைஞாண் கயிற்றில் முடிச்சை அவிழ்க்க நேரம் பிடித்தது. பதினோரு வருட முடிச்சு. சாவியை நீட்டினான். "நான்தாங்க."

"நாளைலேர்ந்து வராத. உன் பொண்டாட்டி கொத்தும் என் கழனில காலு வெக்கக் கூடாது."

"சரிங்க."

"சர்வேயரைக் கூட்டியாறேன். போலீஸைக் கூட்டியாறேன்."

"கூட்டியாங்க ஐயா," என்றாள் தனக்கொடி. "வருசா வருசம் எவ்ளோ அணைச்சேன்னு என் கைய விரிச்சிக் காட்டுறேன். எழுதிக்கட்டும். திருடின்னு மொதல்ல என் பேரையே போடட்டும். அதுக்கப்புறம் யாரு அணைக்கச் சொன்னாங்கன்னு கேப்பாங்க இல்ல?"

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மணி நாலு. பாக்யராஜ் நின்றிருந்தவர்களின் சேற்றுக் கால்களையும் சாம்பல் பூசிய தரையையும் பார்த்தார். டேப்பை எடுத்து ஒரு முனையை மஞ்சுளாவிடம் கொடுத்தார்.

"சார், இது என் நெலம்," என்றார் சாமிநாதன்.

"நான் கோட்ட அளக்கறவன் ஐயா," என்றார் பாக்யராஜ். ஆனால் குனிந்து, கல்லின் தலையிலிருந்த மண்ணை விரலால் துடைத்து, அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்தார். பிறகு நடந்தார். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அவர் குரல் சின்னதாக வந்தது.

"தொண்ணூறு. மேல பத்து சென்டி."

யாரும் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இருந்தால்தானே. ஜோஸ்பின் மட்டும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

பாக்யராஜ் படிவத்தை ஸ்கூட்டர் சீட்டில் வைத்து எழுதினார். பேனாவை மூடாமல் நிமிர்ந்தார். "கம்பம் புதுசா நட்டிருக்கீங்க. உறுதியா நிக்குதான்னு பாக்கணும். ஒரு பந்து அடிங்க."

மஞ்சுளா பந்தைப் பெனால்ட்டிப் புள்ளியில் வைத்தாள். தனக்கொடி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கோலுக்குள் போனாள். சாமிநாதன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், கோட்டுக்கு இரண்டடி உள்ளே, கம்பத்தோரம், பந்து போகும் வழியில், கையில் சாவியோடு.

"ஐயா," என்றாள் தனக்கொடி. "கோட்டுக்கு அந்தாண்ட நில்லுங்க. பந்து வருது."

அவர் அசையவில்லை. அவளைப் பார்த்தார், பின்வாங்கி நடக்கும் மஞ்சுளாவைப் பார்த்தார். ஏழெட்டு அடி பின்னால் போய் அவள் நின்றாள். பின்னால் நடந்தே பழகிய குடும்பத்துப் பெண், முன்னால் ஓடத் தயாரானாள்.

சாமிநாதன் காலை ஒரு சாண் பின்னால் வைத்தார். இன்னொரு சாண். செருப்பு புது மண்ணில் புதைந்தது, உருவிக்கொண்டு இன்னொன்று. சுண்ணாம்புக் கோடு அவர் காலுக்கு முன்னால் வந்துவிட்டது.

தனக்கொடி கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு கைகளை விரித்து, மகளை நேராகப் பார்த்தாள்.

"அடிடி."